வாடகை வேஷமும் மினுக்கும் தலைக்கவசமும்

பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிகளைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. வீட்டில் சொன்னால், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா மாமா?" என்று மருமகள் சிரிக்கிறாள். வேறு வேலை இல்லைதான். தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்று பதினொரு வருஷம் ஆகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். பேரன் பேத்தி எடுத்தவர்கள் படித்துவிட்டு உங்கள் வீட்டு நிலவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் காலத்தில் மாறுவேடம் என்றால் பெரும்பாலும் பாரதியார்தான். எதிர்வீட்டு வக்கீலிடம் கறுப்புக் கோட்டு இரவல் வாங்குவோம். அப்பாவின் வேட்டி முண்டாசாகும். அம்மா கண்மையால் மீசை வரைந்துவிடுவாள். காந்தி என்றால் இன்னும் எளிது. ஒரு குச்சி, ஒரு துண்டு, கண்ணாடி இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. செலவு காலணா கிடையாது. ஆனால் அந்தக் கோட்டை யாரிடம் கேட்பது, முண்டாசை எப்படிக் கட்டினால் அவிழாது என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

இன்று அதற்கென்று வாடகைக் கடைகள் இருக்கின்றன. முன்பணம் கட்டினால் மயில், கத்தரிக்காய், ஜான்சி ராணி, ரோபோ எல்லாம் பையில் போட்டுத் தருகிறார்கள். காலையில் மாட்டி, மாலையில் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். நவம்பர் 14 வந்தால் அந்தக் கடைகளில் நிற்க இடமிருக்காது. பிள்ளை செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: அசையாமல் நிற்பது.

என் பேரன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் ஜூலையில் திரும்பி வந்ததிலிருந்து அவனுக்கு விண்வெளிப் பைத்தியம். 1984இல் ராகேஷ் சர்மா போனபோது எங்கள் அலுவலகமே வேலையை விட்டுவிட்டு ரேடியோவைச் சுற்றி நின்றதை அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே போட்டி அறிவிப்பு வந்ததும், "தாத்தா, நான் விண்வெளி வீரர். ஹெல்மெட்ல லைட் மினுக்கணும்" என்றான்.

என் மகன் உடனே போனை எடுத்தான். "ரெடிமேடா வருதுப்பா. லைட்டோட. ரெண்டு நாள்ல வீட்டுக்கே வந்துடும்." அவன்மேல் குற்றமில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீடு வருகிறவன் வேறென்ன சொல்வான்? ஆனால் நான் வேண்டாம் என்றேன். "அவனே செய்யட்டும். நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்" என்றேன்.

என் கருத்து இதுதான். இந்தப் போட்டியில் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே உருப்படியான பரிசு, தன் கையால் ஒன்றைச் செய்து அது வேலை செய்வதைப் பார்ப்பது. அதைக் கடையில் வாடகைக்கு எடுக்க முடியாது. நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் அந்தப் பரிசை வீட்டிலேயே கொடுக்க முடியும். ஒவ்வொரு தெருவிலும் ஒரு பழைய வயர்மேன், ஒரு ரேடியோ மெக்கானிக், ஒரு ஃபிட்டர், ஒரு தையல்காரர், ஓய்வு பெற்ற ஓர் இயற்பியல் வாத்தியார் என்று யாராவது இருக்கிறோம். நம் கைக்குத் தெரிந்தது நம்மோடு போய்விட வேண்டுமா?

தலையில் வெளிச்சம் வைத்துக்கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. தெருக்கூத்தில் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பார்த்திருப்பீர்கள். கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருப்பார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் துரியோதனன் தலையை ஒரு வெட்டு வெட்டினால் கடைசி வரிசையில் பாயில் படுத்திருப்பவன் கண்ணிலும் மின்னும். பேட்டரி இல்லை, வயர் இல்லை. செய்தவனுக்கு, வெளிச்சம் எங்கிருந்து வரும், எங்கே போய் விழும் என்று தெரிந்திருந்தது. அவ்வளவுதான் சங்கதி.

சரி, நாங்கள் செய்த கதைக்கு வருகிறேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பெரிய பலூனை ஊதி, அதன்மேல் பழைய செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் ஒட்டினான். ஒரு அடுக்கு காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு, இப்படி ஐந்து. முழுதாகக் காய்ந்ததும் பலூனை உடைத்து, முகத்துக்கும் கழுத்துக்கும் வெட்டி, வெள்ளைப் பெயின்ட் அடித்தான். முகப்பக்கம் முழுக்கத் திறந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடித்தாள் ஒட்ட ஆசைப்பட்டான். மேடையில் ஏறும் பிள்ளைக்கு மூச்சுக்காற்றும் காலடியும் தெரிய வேண்டும், அழகு அப்புறம். பின்னந்தலையில் காற்றுக்காக நான்கு ஓட்டைகளும் போட்டோம்.

விளக்குக்கு ஐந்து மில்லிமீட்டர் சிவப்பு எல்.ஈ.டி. ஆறு. ரிச்சி தெருவில் ஒன்று ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும். ஏன் சிவப்பு என்றால் அதற்கு ஏறக்குறைய இரண்டு வோல்ட் போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் மூன்று வோல்ட் அளவில் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை 1962இலேயே நிக் ஹோலோன்யாக் செய்துவிட்டார். நல்ல பிரகாசமான நீலம் வர இன்னும் முப்பது வருஷம் பிடித்தது. அதைச் சாத்தியமாக்கிய மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். இதைச் சொன்னதும் பேரன் அந்தச் சின்ன சிவப்பு மணியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான்.

எல்.ஈ.டி.யில் நீளமான கால் பாசிட்டிவ். நெகட்டிவ் பக்கம் விளிம்பு சற்றுத் தட்டையாக இருக்கும். மாற்றிக் கொடுத்தால் எரியாது. முக்கியமான இன்னொன்று, எல்.ஈ.டி.யை பேட்டரியோடு நேராக இணைக்கக் கூடாது. அது தானாக மின்சாரத்தை மட்டுப்படுத்திக்கொள்ளாது. கிடைப்பதையெல்லாம் குடித்துக் கருகிவிடும். நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். கணக்கு மூன்றாம் வகுப்புக் கழித்தலும் வகுத்தலும்தான். மூன்று பென்சில் செல் சேர்ந்தால் 4.5 வோல்ட். எல்.ஈ.டி.க்கு 2 போனால் மீதி 2.5. நமக்கு வேண்டியது 10 மில்லி ஆம்பியர், அதாவது 0.01 ஆம்பியர். 2.5ஐ 0.01ஆல் வகுத்தால் 250 ஓம். கடையில் கிடைக்கும் 220 ஓம் சரியாக இருக்கும். ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் போடுவது நல்லது. ஒன்றையே பொதுவாகப் போட்டால் ஒரு விளக்கு பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் எரியும்.

மினுக்குவதற்கு இரண்டு வழி உண்டு. 555 என்ற எட்டுக் கால் சில்லு ஒன்று. 1971இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்தது, இன்றும் விற்கிறது. இன்னொன்று, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லோரும் முதலில் செய்து பழகிய மல்டிவைப்ரேட்டர். இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு கண்டென்சர், சில ரெசிஸ்டர்கள். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். சில்லுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. இதில் எல்லாம் வெளியே கிடக்கும், தொட்டுக் காட்டலாம்.

ஒரு டிரான்சிஸ்டர் திறந்தால் மற்றதை மூடும். மூடியிருப்பதன் பக்கத்துக் கண்டென்சர் ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிலை மாறி, ஒரு கட்டத்தில் அதைத் திறந்துவிடும். உடனே முதலாவது மூடிக்கொள்ளும். "சீசா பலகை மாதிரியா தாத்தா?" என்றான். அதேதான். ஒரு பக்கம் மூன்று விளக்கு, மறுபக்கம் மூன்று விளக்கு, மாறி மாறி எரியும். பி.சி.547 டிரான்சிஸ்டர் இரண்டு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டு. இந்த அளவில் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு தடவை மினுக்கியது. அவனுக்கு அது அவசரமாகத் தெரிந்தது. கண்டென்சரை 100 மைக்ரோஃபாரடாக மாற்றச் சொன்னேன். வேகம் பாதியானது. "வாளி பெருசாச்சு, அதான் ரொம்ப லேட்டாகுது" என்று அவனே சொன்னான். ஓமின் விதியைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்யப்போகிறவன், அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே வாளியைப் பார்த்துவிட்டான்.

மினுக்கும் வேகம் பற்றி ஒரு எச்சரிக்கை. விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் வெளிச்சம், ஒளியால் வலிப்பு வரக்கூடிய சிலருக்கு ஆபத்து. அரங்கில் நூறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. விநாடிக்கு ஒன்று என்பதே அழகு, அதுவே பத்திரம்.

ரெசிஸ்டரில் வண்ணக்கோடுகள் இருக்கும். கண்புரை அறுவை முடிந்த எனக்கு அந்தக் கோடுகள் இப்போது பூதக்கண்ணாடியிலும் சரியாகத் தெரிவதில்லை. அவன் படித்தான்: "சிவப்பு, சிவப்பு, பழுப்பு." நான் சொன்னேன்: "220." அவன்: "பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு." நான்: "பத்தாயிரம்." அரை மணி நேரத்தில் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டான். கண் அவனுடையது, கணக்கு என்னுடையது என்று ஆரம்பித்தது, இரண்டும் அவனுடையதாக முடிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை.

வயர் விஷயத்தில் என் பழைய தொழில் கைகொடுத்தது. ஒற்றைக் கம்பி வயர் வளைத்து வளைத்து ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆடும் தலைக்குப் பல இழை வயர்தான் சரி. பாசிட்டிவுக்குச் சிவப்பு, நெகட்டிவுக்குக் கறுப்பு என்று ஒழுங்கு வைத்துக்கொண்டோம். கழுத்தருகே கொஞ்சம் தளர்வு விட்டோம். செல் டப்பாவைத் தலையில் வைக்காமல் இடுப்பில் வைத்து, நடுவில் இழுத்தால் கழன்றுவிடும் ஒரு கனெக்டர் போட்டோம். எங்காவது வயர் மாட்டினால் கனெக்டர் கழலட்டும். பிள்ளையின் கழுத்து இழுபடக் கூடாது. விளக்குகளின் முகம் வெளியே பார்க்க வேண்டும். சினிமாவில் ஹெல்மெட்டுக்குள் வெளிச்சம் வைப்பது நடிகர் முகம் நமக்குத் தெரிவதற்காக. போட்டுக்கொள்பவருக்கு அது கண்ணைக் கூசும்.

செய்யக் கூடாதவை மூன்று. பொத்தான் செல் வேண்டாம்; வீட்டில் சின்னக் குழந்தை இருந்து விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பழைய போனிலிருந்து எடுத்த லித்தியம் பேட்டரியைத் தலையில் கட்டாதீர்கள். தீபாவளிக்கு வாங்கிய 230 வோல்ட் சீரியல் செட்டை வெட்டி ஒட்டும் யோசனை யாருக்காவது வந்தால் அந்த இடத்திலேயே மறந்துவிடுங்கள்.

பற்றவைப்பதை மட்டும் நான் செய்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவனே செய்தான், அவன் மணிக்கட்டுக்குக் கீழே என் கை இருந்தது. சால்டரிங் அயர்ன் முனை 300 டிகிரிக்கு மேல் போகும். ஜன்னலைத் திறந்துவைத்து, ஸ்டாண்டில் அயர்னை வைக்கப் பழக்கி, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவைத்தேன். ஈயம் அல்லவா. எட்டு வயதுக்குக் கீழே என்றால் அயர்ன் வேண்டாம். முறுக்கி டேப் சுற்றினாலே போட்டி தாண்டிவிடும்.

போட்டிக்கு முந்தைய நாள் மாலை. எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டான். இடப்பக்கம் மூன்றும் மினுக்கின. வலப்பக்கம் இரண்டு மட்டும். என் கை தானாக ஹெல்மெட்டை நோக்கிப் போனது, மடியில் வைத்துக்கொண்டேன். நண்பர்களே, இந்த வேலையில் கஷ்டமான பகுதி இதுதான். முப்பத்தாறு வருஷம் பழுது பார்த்தவனுக்கு, பழுது எதிரில் இருக்கும்போது சும்மா இருப்பது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம். எனக்கு இடம் தெரியும். நான் பிடுங்கிச் சரிசெய்திருந்தால் இரண்டு நிமிஷம். "தாத்தா செய்த ஹெல்மெட்" என்றாகியிருக்கும். கடையில் வாங்கியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

"எங்கே வரைக்கும் வருது, எங்கே வரல, பாரு" என்று மட்டும் சொன்னேன். அவன் ஒவ்வொரு இணைப்பாக விரலால் தொட்டுக்கொண்டே போனான். இருபத்தைந்து நிமிஷம். நடுவில் அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், பதில் இல்லை. கடைசியில், "தாத்தா, இது திரும்பி இருக்கு" என்றான். நீளக்கால் நெகட்டிவில் இருந்தது. கழற்றித் திருப்பிப் பற்றவைத்தான். மினுக்கியது. அவன் கத்தவில்லை, குதிக்கவில்லை. ஒரு பெரிய மனிதனைப் போல, "ம்" என்று தலையை ஆட்டினான். ஒரு கேபிள் பழுதைக் கண்டுபிடித்துவிட்டு மேன்ஹோலிலிருந்து ஏறி வரும் லைன்மேன் முகத்தில் அந்த "ம்"மை நான் பார்த்திருக்கிறேன்.

நிஜ விண்வெளி வீரரின் ஹெல்மெட்டில் இப்படிச் சிவப்பு விளக்கு மினுக்காது, விண்கலத்துக்கு வெளியே வேலை செய்யும்போது இருட்டில் பார்ப்பதற்காக நிலையாக எரியும் வெள்ளை விளக்குகள்தான் இரு பக்கமும் இருக்கும் என்பதையும் சொல்லிவைத்தேன். யோசித்துவிட்டு, "அப்போ என்னோடது எமர்ஜென்சி சிக்னல்" என்றான்.

மறுநாள் பரிசு மயிலுக்குப் போனது. அழகான வாடகை மயில். இரண்டாம் பரிசும் வாடகைதான். நடுவர்கள் நல்லவர்கள், கைதட்டினார்கள், சிரித்தார்கள். ஆனால் ஒருவர்கூட எந்தப் பிள்ளையிடமும் "இதை யார் செய்தது?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பேரனைவிட நன்றாகச் செய்த பிள்ளைகளும் வெளிப்பட்டிருப்பார்கள். அட்டையில் ரயில் இன்ஜின் செய்து மாட்டிக்கொண்டு வந்த ஒரு சிறுமியைப் பார்த்தேன், சக்கரம் சுற்றியது. அவளுக்கும் ஒன்றும் இல்லை.

"நடுவர் என்ன பண்ணுவார்? ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம்தான்" என்கிறான் மகன். "வேலைக்குப் போற அம்மா அப்பா ராத்திரி உட்கார்ந்து பசை காய்ச்சணுமா மாமா?" என்கிறாள் மருமகள். இரண்டும் நியாயமான கேள்விகள். எல்லா வீட்டிலும் தாத்தா இல்லை. இருக்கும் தாத்தாவுக்கெல்லாம் டிரான்சிஸ்டர் தெரியாது. வீட்டில் செய்யச் சொன்னால் கடைசியில் பெற்றோர்தான் செய்வார்கள் என்பதும் உண்மை. பள்ளிக்கூட ப்ராஜெக்ட் நோட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாடகை வேஷத்தைத் தடை செய்ய வேண்டாம். சொந்தமாகச் செய்த வேஷத்துக்குத் தனியாக ஒரு பரிசு வையுங்கள். அதற்கு வரும் பிள்ளையிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எதனால் செய்தாய், எது முதலில் சரியாக வரவில்லை, எப்படிச் சரிசெய்தாய்? பெற்றோர் செய்து கொடுத்திருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். போட்டிக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்து, சுற்றுவட்டாரத்தில் கைவேலை தெரிந்த ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். தாத்தா இல்லாத பிள்ளைக்கு அன்று ஒரு தாத்தா கிடைப்பார். சம்பளம் கேட்க மாட்டோம். ஒரு டீ போதும்.

இந்த யோசனையை ஒரு தாளில் எழுதி, எங்கள் குடியிருப்பில் என்னைப் போன்ற ஆறு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒருவர் தச்சு வேலை, இருவர் ஆசிரியர்கள், ஒருவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர், இருவர் தையல். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறோம். ஒப்புக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மேஜை போட்டுவிடலாம் என்று தச்சர் சொல்லியிருக்கிறார்.